சொல்லச் சொல்லக் கூடுகிறது

பதினோரு வருடம் முன்பு, அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த சமயம். விடியற்காலை நாலரை மணி இருக்கும். வார்டுக்குப் பின்னால் குழாயடியில் டிபன் கேரியரின் அடிக்கிண்ணத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள் ரசத்தின் மஞ்சள் கறை போவேனா என்றது. தேய்த்துக்கொண்டே இருந்தவன், சட்டென்று இல்லை. கிண்ணம் இருந்தது, தண்ணீர்ச் சத்தம் இருந்தது, தேய்க்கிற கை இருந்தது. 'நான்' என்கிற ஆசாமியை மட்டும் காணோம். பயமும் இல்லை. அரை நிமிடம் இருந்தால் அதிகம். "சார், குழாய விடுறீங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். திரும்பி வந்துவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். இதைக் கடவுள் என்று சொல்ல இன்றைக்கும் தயக்கம். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. சொல்லச் சொல்ல அரை நிமிடம் பத்து நிமிடமானது. நடுவில் எப்போதோ ஒரு வெளிச்சம் வந்து சேர்ந்துகொண்டது. 'கண்டவர் விண்டிலர்' என்பதைச் சொல்லக்கூடாது என்ற தடையாகத்தான் நினைத்திருந்தேன். சொன்னால் என்ன ஆகும் என்று இப்போது தெரிகிறது.

1896இல் மதுரையில் பதினாறு வயது வேங்கடராமன் தரையில் படுத்து, கைகால் விறைத்து, மூச்சடக்கி, செத்துப் பார்த்த கதை எல்லோருக்கும் தெரியும். பிற்பாடு ரமணர் ஆனவர். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, சில வாரம் கழித்துத் திருவண்ணாமலைக்குக் கிளம்பும்போது அவர் வீட்டில் வைத்துவிட்டுப் போன சீட்டு. 'நான்' என்று தொடங்கி அடுத்த வாக்கியத்திலேயே 'இது' என்று ஆகிவிடும். கையெழுத்துக்குப் பதில் வெறும் கோடு. இதைப் பற்றி உருகி உருகி எழுதியாயிற்று.

நான் நிற்பது வேறு இடத்தில். அண்ணனின் காலேஜ் சம்பளம் 5 ரூபாய். அதில் 3 ரூபாயை வழிச்செலவுக்கு எடுத்துக்கொண்டு, சம்பளம் இன்னும் கட்டவில்லை, 2 ரூபாய் இதோடு இருக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறார். (கட்டணத்தை அப்போது சம்பளம் என்பார்கள்.) ஆளே கரைந்துபோனவருக்கு அண்ணன் கணக்கு கரையவில்லை. மூன்று நாளில் ஞானம் தருவதாகப் பணம் கட்டச் சொல்கிறவர்கள் வந்தால், எனக்கு இந்த 2 ரூபாய்தான் நினைவுக்கு வருகிறது.

போன வாரம் உறவினர் ஒருவர் வந்திருந்தார். மறுபடி ஆரம்பித்தேன். சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்: "மணிச்சத்தம் கேட்டுச்சுன்னு போன தடவை சொல்லலையே?"

அசடு வழிந்தது. ரசக் கறையை அன்றைக்குச் சொல்லவே இல்லை என்பதும் அப்புறம்தான் உறைத்தது.