ஸ்ரீரங்கம் பணக்காரர்கள் தீவா?

காவிரிக்கரை ஓரமாக அப்பார்ட்மென்ட் பெருகி ஸ்ரீரங்கமே வசதி படைத்தவர்களின் ஊராகிவிட்டது என்று ஒரு கட்டுரை சொல்கிறது. பாதி சரி. அம்மா மண்டபம் ரோட்டில் ஃபிளாட் வாங்குகிறவர்களில் நிறைய பேர் பேங்கில், ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர்கள், இல்லையென்றால் பிள்ளை அமெரிக்காவில் இருந்து பணம் அனுப்பி வாங்கிப் போட்டது, வைகுண்ட ஏகாதசிக்கு மட்டும் கதவு திறக்கும், மற்ற நாளெல்லாம் பூட்டுதான். பதினோரு மணிக்குப் போய் நின்று பாருங்கள், கேட்டரிங் காரர் மாடி மாடியாக டிபன் கேரியர் வைத்துவிட்டுப் போவார், வாங்க வருகிறவர் எல்லாருக்கும் எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு பிள்ளை இறங்குவது அபூர்வம்.

ஆனால் அந்தப் பாட்டிக்குக் கை பிடிக்கிற ஹோம் நர்ஸ், பாத்திரம் தேய்க்கிற அக்கா, கீழே இஸ்திரி வண்டிக்காரர், இவர்களும் சேர்ந்ததுதானே இந்த ஊர்? பலர் நம்பர் ஒன் டோல்கேட் பக்கமிருந்து கொள்ளிடம் பாலம் தாண்டி பஸ்ஸில் வருகிறார்கள், இங்கே வாடகை கட்டுபடியாகாது. ஸ்ரீரங்கத்திலேயே மேலூர் பக்கம் போனால் இன்னும் வாழைத்தோப்பு இருக்கிறது, அங்கே வேறு ஸ்ரீரங்கம். கோயிலைச் சுற்றியுள்ள ஏழு பிராகாரங்களில் வெளியே இருப்பவற்றில் வீடும் கடையும்தான், உத்திர வீதியில் பழைய ஓட்டு வீடுகளில் வாடகைக்கு இருக்கிற அர்ச்சகர் குடும்பத்தைப் பணக்காரர் என்று சொல்ல முடியுமா சார்? 'ரிவர் வியூ' என்று விற்கிறார்களே, மேட்டூர் அணை திறக்காத மாசி பங்குனியில் வந்து அந்த வியூவை ஒருமுறை பார்க்கட்டும், மணல்தான்.