‘வெறும் டாக்சி’ என்று முகம் சுளிப்பவர்களுக்கு

மழை ஓய்ந்து பனி இறங்கும் மாதங்களில் வட ஆர்க்காட்டுப் பக்கம் தவறாமல் கேட்கும் புலம்பல் ஒன்று உண்டு. “நாலு நாள் காய்ச்சலோடு போனேன், வெறும் டாக்சி எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.” புலம்புகிறவர் எதிர்பார்த்துப் போனது ஓர் ஊசி, ஒரு குளுக்கோஸ் பாட்டில், கொஞ்சம் விலை கூடிய மாத்திரை அட்டை. கையில் கிடைத்ததோ, அரசு மருத்துவமனையில் காசில்லாமலும் வெளியே சொற்ப விலைக்கும் கிடைக்கிற ‘டாக்சி’, அதாவது டாக்சிசைக்ளின் என்னும் ஆன்டிபயாடிக். மருந்து மலிவு என்பதால் மருத்துவரும் மலிவாகிவிடுகிறார்.

அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராகப் பல ஆண்டுகள் சன்னலுக்கு உள்ளே நின்றவன் நான். பெரும்பாலும் அந்தச் சீட்டில் குறை இருப்பதில்லை. அந்த மாத்திரையை எப்படி விழுங்க வேண்டும் என்று யாருமே சொல்லாமல் நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதில்தான் குறை இருக்கிறது. மருத்துவர் ‘1-0-1’ என்று எழுதுகிறார். மருந்தாளுநர் காகித உறையில் போட்டு நீட்டுகிறார். நோயாளி வாங்கிப் பையில் வைக்கிறார். மூன்று கை மாறியும் மருந்தைப் பற்றி ஒரு வாக்கியம்கூடப் பேசப்படவில்லை.

முதலில் அந்த மருத்துவர் ஏன் டாக்சி எழுதினார் என்பதைப் பார்ப்போம். இந்தப் பருவத்தில் ஸ்க்ரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சல் இங்கே பரவலாக வருகிறது. புதர்களிலும் புல்வெளிகளிலும் வாழும், கண்ணுக்குச் சட்டென்று தெரியாத சிற்றுண்ணியின் இளம்பருவம் கடிப்பதால் தொற்றுவது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு உண்டாகலாம். வலிக்காது, அரிக்காது. அக்குள், தொடை இடுக்கு, மார்பின் அடிப்பகுதி, அரைஞாண் கயிறு படும் இடம் என்று நாமே பார்க்காத இடங்களில் ஒளிந்திருக்கும். சட்டையைக் கழற்றச் சொல்லித் தேடிப் பார்க்கும் மருத்துவர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

இந்தக் கிருமி உடலின் செல்களுக்கு உள்ளே புகுந்து வாழ்வது. பென்சிலின் வகை, செஃபலோஸ்போரின் வகை மருந்துகள் இதன்மேல் வேலை செய்வதில்லை. மக்கள் ‘பவரான ஊசி’ என்று விரும்பிக் கேட்கும் செஃப்ட்ரையாக்சோன் அந்த இரண்டாவது வகையைச் சேர்ந்ததுதான். தினம் இரண்டு வேளை ஊசி போட்டும் காய்ச்சல் இறங்காமல், கடைசியில் மூச்சுத்திணறலோடு பெரிய மருத்துவமனைக்குப் போகிறவர்களின் கதை இங்கே தொடங்குகிறது. அதே நோயாளிக்கு உரிய நேரத்தில் டாக்சி கொடுத்தால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் காய்ச்சல் தணியத் தொடங்கிவிடும். சோதனை முடிவு வரும்வரை காத்திருப்பது சில வேளைகளில் ஆபத்து என்பதால், சந்தேகம் வலுவாக இருந்தாலே மருத்துவர் தொடங்கிவிடுவார். இரண்டு நாளில் இறங்காவிட்டால் நோய் வேறாக இருக்கலாம். அப்போது போக வேண்டியது மருத்துவரிடம். ‘இதைவிட ஸ்ட்ராங்காக ஒன்று கொடுங்கள்’ என்று கேட்டுக்கொண்டு மருந்துக் கடைக்கு அல்ல. மூச்சுத்திணறல், மனக்குழப்பம், சிறுநீர் குறைவது இவற்றில் எது வந்தாலும் இரண்டு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. நோய் முற்றியவர்களுக்கு மாத்திரை போதாது. டாக்சியையும் அசித்ரோமைசின் என்னும் இன்னோர் ஆன்டிபயாடிக்கையும் நரம்பு ஊசியாகச் சேர்த்துக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்லது என்று இந்திய மருத்துவமனைகளில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது.

டாக்சியின் பூர்வீகத்தில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, கதர் உடுத்திய காரணத்தால் முழுப் பட்டம் மறுக்கப்பட்டு, பிறகு அமெரிக்கா போன எல்லாப்ரகட சுப்பாராவ் லெடர்லி என்னும் மருந்து நிறுவனத்தின் ஆய்வுத் தலைவராக இருந்தபோதுதான், அங்கே பெஞ்சமின் டக்கர் மண்ணிலிருந்து ஆரியோமைசினைக் கண்டெடுத்தார். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை அது; 1948-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. சுப்பாராவ் இறந்ததும் அதே ஆண்டில்தான். டாக்சிசைக்ளின் 1967-இல் விற்பனைக்கு வந்த இளைய பிள்ளை. பழைய மருந்து என்பதற்காக இளக்காரமாகப் பார்க்கிறவர்கள், அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்தும் இந்தக் காய்ச்சலில் இன்னும் முதல் தேர்வாக நிற்கும் மருந்துகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கட்டும்.

இனி விழுங்கும் கதைக்கு வருகிறேன். நம்மில் பலர் இரவு மாத்திரையைப் படுக்கப் போகும்போது வாயில் போட்டு, ஒரு மடக்குத் தண்ணீரோடு உள்ளே தள்ளிவிட்டு அப்படியே சாய்ந்துவிடுகிறோம். வேறு பல மாத்திரைகளுக்கு இது பெரிய குற்றமில்லை. டாக்சிக்குக் குற்றம்தான். உணவுக்குழாயில் எங்காவது ஒட்டிக்கொண்டு கரையத் தொடங்கினால், அதன் அமிலத் தன்மை அந்த இடத்தையே புண்ணாக்கிவிடும். குறிப்பாக கேப்சூல் ஒட்டிக்கொள்வதில் கெட்டிக்காரத்தனம் காட்டும். மறுநாள் எச்சில் விழுங்கினால்கூட நெஞ்சுக்குள் கத்தி இறங்குவதுபோல் வலிக்கும். மாரடைப்போ என்று பயந்து ஓடி வருகிறவர்களும் உண்டு. தவிர்க்கும் வழி மிக எளிது: உட்கார்ந்தோ நின்றோ, ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும், அடுத்த அரை மணி முதல் ஒரு மணி நேரம் படுக்கக் கூடாது. இரவு வேளை மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்து முடித்துக்கொண்டால் தொல்லையே இல்லை. இதைச் சொல்ல எனக்கு எத்தனை நொடி ஆயிற்று?

அந்த வலி வந்ததும் வீட்டில் நடப்பது இன்னும் வேடிக்கை. ‘கேஸ் டிரபிள்’ என்று முடிவு கட்டி, ஆன்டாசிட் திரவத்தை இரண்டு மூடி குடிப்பார்கள். அதிலுள்ள அலுமினியமும் மெக்னீசியமும் டாக்சியைக் குடலிலேயே கட்டிப்போட்டு ரத்தத்தில் சேரவிடாமல் செய்துவிடும். நெஞ்சு எரிந்ததும் மிச்சம், காய்ச்சல் இறங்காததும் மிச்சம். ரத்தசோகைக்காகப் பெண்கள் சாப்பிடும் இரும்புச் சத்து மாத்திரை, வயதானவர்களின் கால்சியம் மாத்திரை, எல்லாரும் பலத்துக்கென்று போட்டுக்கொள்ளும் துத்தநாகம் கலந்த விட்டமின் மாத்திரை ஆகியவையும் அதே வேலையைச் செய்பவை. இரண்டு மூன்று மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். இரும்பை மட்டும் சிகிச்சை முடியும்வரை நிறுத்தி வைக்கலாமா என்று மருத்துவரைக் கேட்பது உத்தமம். பால் விஷயத்தில் பழைய டெட்ராசைக்ளினுக்கு இருந்த அளவு கெடுபிடி டாக்சிக்கு இல்லை. வெறும் வயிற்றில் குமட்டினால் சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள்ளலாம். குமட்டுகிறது என்று மருந்தையே நிறுத்திவிடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

இந்தக் காய்ச்சல் அதிகம் பிடிப்பது வயலிலும் தோட்டத்திலும் வேலை செய்கிறவர்களை. டாக்சியோ வெயிலில் தோலைச் சீக்கிரம் எரிய வைக்கும் குணம் உடையது. காய்ச்சல் விட்ட மூன்றாம் நாளே களை எடுக்கப் போகிறவரிடம் முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும் போடச் சொல்ல வேண்டாமா? நம் மருத்துவ ஆலோசனைகள் எல்லாம் விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பவருக்காகவே எழுதப்பட்டவை என்று பல முறை எரிச்சல் பட்டிருக்கிறேன்.

குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தனிக் கணக்கு. வளரும் பற்களில் கறை படியும் என்பதால் டெட்ராசைக்ளின் வகையை எட்டு வயதுக்குக் கீழே தவிர்ப்பது பழைய வழக்கம். ஆனால் உண்ணிக் காய்ச்சலில் உயிருக்கு ஆபத்து இருப்பதால், எடைக்கு ஏற்றபடி குறுகிய காலத்துக்குக் கொடுப்பதை இப்போது மருத்துவர்கள் ஏற்கிறார்கள். அதைக் கேள்விப்பட்டு, அப்பாவின் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் பிள்ளைக்குக் கொடுக்கும் கணக்கு ஆகாது. கர்ப்பிணிகளுக்குப் பொதுவாக அசித்ரோமைசின் கொடுப்பார்கள். ரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களும், முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடும் இளைஞர்களும் அதை மருத்துவரிடம் வாய் திறந்து சொல்லியாக வேண்டும். முன்பு எந்த மருந்துக்காவது உடம்பு தடித்ததா, முகம் வீங்கியதா என்பதையும் அவர் கேட்கும்வரை காத்திராமல் நாமே சொல்ல வேண்டும். மருந்து தொடங்கிய பிறகு பேதி கடுமையாகப் போனாலோ ரத்தம் கலந்தாலோ அதையும்தான்.

எத்தனை நாள் சாப்பிடுவது? இங்கேதான் படித்தவர்களோடு எனக்குச் சண்டை. ‘கோர்ஸை முடிக்க வேண்டும் என்பதே மூடநம்பிக்கை, 2017-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழே எழுதிவிட்டது’ என்கிறார்கள். தேவைக்கு மேல் நீட்டிச் சாப்பிடுவதும் எதிர்ப்புத் திறன் பெற்ற கிருமிகளை வளர்க்கும் என்றும், பல நோய்களுக்குக் குறுகிய காலம் போதுமா என்று ஆராய வேண்டும் என்றும் அந்தக் கட்டுரை வாதிட்டது. அது மருத்துவர்களை நோக்கிய கேள்வி. காய்ச்சல் விட்டதும் மூன்றாம் நாளே நீங்களாக நிறுத்திக்கொள்ளக் கிடைத்த அனுமதி அல்ல. உண்ணிக் காய்ச்சலுக்கு வழக்கமாக ஏழு நாள், முகப்பருவுக்கு வாரக்கணக்கில் என்று ஒரே மாத்திரைக்கே நோயைப் பொறுத்து நாள் மாறுகிறது. காசநோய் மருந்தைப் பாதியில் நிறுத்துவதன் விளைவை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எழுதிய நாள் அதிகமாகத் தோன்றினால் ‘எதற்காக இத்தனை நாள்’ என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபிக்க மாட்டார்.

மிச்சம் வைத்த மாத்திரைக்கும் ஒரு வரலாறு உண்டு. காலாவதியான டெட்ராசைக்ளினைச் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 1963-லேயே மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. பழைய தயாரிப்பு முறையில் வந்த வினை என்றாலும், பீரோவில் கிடக்கும் பாதி அட்டையை அடுத்த காய்ச்சலுக்கு எடுக்கும் முன் அது நினைவுக்கு வரட்டும். அடுத்த காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம். வைரஸ் மீது டாக்சிக்கு எந்த அதிகாரமும் கிடையாது. பாதி அட்டையைப் போட்டுக்கொண்ட பிறகு ரத்தக் கல்ச்சர் (ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுத்தால், டைபாய்டு போன்ற காய்ச்சலில் கிருமி இருந்தும் பிடிபடாமல் போகலாம். (ஒருநாள் காய்ச்சலுக்கு வைடால் என்னும் ரத்தப் பரிசோதனை ஒன்றை மட்டும் எடுத்து, ‘டைபாய்டு’ என்று அறிவித்து ஊசியைத் தொடங்கும் வழக்கத்தைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். இங்கே தொடங்கினால் முடியாது.)

அட்டையின் ஓரத்தில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருக்கிறதே, சீட்டில்லாமல் வாங்காதே என்பதுதான் அதன் பொருள். 2014-இல் மருந்து விற்பனைச் சட்டத்தில் எச்1 என்னும் பட்டியல் நடைமுறைக்கு வந்தது. அதிலுள்ள வீரியமான ஆன்டிபயாடிக்குகளை யாருக்கு விற்றோம் என்று பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு காக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில், அட்டையைக் கத்தரித்து இரண்டு மாத்திரையைத் தாளில் மடித்துக் கொடுக்கும்போது கோடு ஒரு பக்கமும் காலாவதி தேதி இன்னொரு பக்கமும் போய்விடுகிறது. 2012-இல் மருத்துவச் சங்கங்கள் கூடி, ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமிகள் பெருகுவதைத் தடுக்கச் ‘சென்னைப் பிரகடனம்’ வெளியிட்டதே, அதில் கேட்டவற்றில் இந்தக் கடை விற்பனையை ஒழுங்குபடுத்துவதும் ஒன்று. கடைக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. அவர் மறுத்தால் எதிர்க்கடைக்குப் போகும் கால்கள் நம்முடையவை.

சுகாதாரத் துறையிடம் எனக்கு ஒரே ஒரு கோரிக்கை. மருந்து போட்டுக் கொடுக்கும் காகித உறையின் பின்பக்கத்தில் டாக்சிக்கென்று நான்கு வரி அச்சிடுங்கள்: முழு டம்ளர் தண்ணீர்; உடனே படுக்காதே; இரும்பு, கால்சியம், ஆன்டாசிட் உடன் வேண்டாம்; வெயிலில் உடம்பை மூடு. படிக்கத் தெரியாதவர்களுக்குப் படம் போடுங்கள். வரிசை நீளம், நேரமில்லை என்று மருந்தாளுநர்கள் சொல்வது உண்மைதான், நானும் அந்த வரிசையைப் பார்த்தவன். அதனால்தான் அச்சில் கேட்கிறேன். அது வரும்வரை, சன்னலில் உறையை வாங்கியதும் நகர்ந்துவிடாமல் “இதை எப்படிச் சாப்பிட வேண்டும்?” என்று கேளுங்கள். பின்னால் நிற்பவர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும், அவருக்கும் அந்தப் பதில் காதில் விழும்.