பெயின்ட் அடித்த சுவரை மட்டும் பார்க்காதீர்கள்

நேற்றைய அந்த 'முன்பு - பின்பு' படப் பதிவும், கீழே எனக்குக் கிடைத்த வசவும் உங்களில் பலருக்குத் தெரியும். "அல்பேனியாவின் தலைநகர் டிரானாவைப் பாருங்கள், ஒரு மேயர் பெயின்ட் அடித்தே ஊரை மாற்றிவிட்டார்" என்று போட்டிருந்தார்கள். "அந்த ஊர்க்காரர்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள்" என்று ஒரே வரிதான் எழுதினேன். வளர்ச்சிக்கு எதிரி ஆகிவிட்டேன்.

பெயின்ட் தப்பு என்று நான் எங்கே சொன்னேன்? 2000-ல் மேயரான எடி ராமா அடிப்படையில் ஓவியர். கம்யூனிச ஆட்சி விட்டுப்போன சாம்பல் நிற அடுக்குமாடிகளுக்கு ஆரஞ்சும் மஞ்சளும் பூசினார். லானா ஆற்றங்கரையை அடைத்திருந்த அனுமதியில்லாத கட்டடங்களை அகற்றினார். 1991 வரை சொந்தக் கார் வைத்துக்கொள்ளக்கூட முடியாத நாடு அது. ஊர் விட்டு ஊர் குடிபோகவே அரசு அனுமதி வேண்டும். கட்டுப்பாடு போனதும் ஜனம் தலைநகருக்கு வந்து குவிந்தது, கிடைத்த இடத்தில் கட்டிக்கொண்டது. அந்த நேரத்தில் ஒரு வண்ணம் எவ்வளவு தெம்பு தரும் என்று எனக்கும் புரியும்.

சரி, அப்புறம் என்ன நடந்தது? அதைத்தான் கேட்கிறேன்.

2019 அக்டோபரில் வேலையாகப் பத்து நாள் அங்கே இருந்தேன். தேசிய நாடக அரங்கை இடிக்கக் கூடாது என்று தினமும் மாலையில் அதன் முன்னால் ஆட்கள் கூடுவார்கள். ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துச் சுவரில் வைத்தார். சிமென்ட் பூச்சு செதிலாக உதிர்ந்து உள்ளங்கையில் ஒட்டியது. பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இங்கே முதல் நாடகம் பார்த்ததை, தெரிந்த நாலு ஆங்கில வார்த்தையில் சொல்லி முடிக்க அவருக்கு அரை மணி நேரம் ஆனது.

2020 மே 17, ஞாயிற்றுக்கிழமை, கொரோனாக் கட்டுப்பாட்டுக் காலம். விடிவதற்குள் உள்ளே இருந்தவர்களைப் போலீஸ் வெளியே இழுத்துப்போட்டது, கட்டடத்தை இடித்துவிட்டார்கள். அப்போது ராமா பிரதமர். அதற்காகக் கொண்டுவந்த சட்டம் அரசியலமைப்புக்கு விரோதமானது என்று 2021-ல் நீதிமன்றம் சொன்னது. சொல்லி என்ன, அரங்கு திரும்பி வந்துவிடுமா?

"இத்தாலியப் பாசிஸ்டுகள் கட்டிய பாழடைந்த கட்டடம்தானே?" என்கிறார்கள். கட்டியது அவர்கள்தான். அதற்குப் பிறகு எண்பது வருஷம் அதில் உட்கார்ந்து அழுததும் சிரித்ததும் அந்த ஊர் ஜனம்.

"அதே ஊரில் இருக்கிற பிரமிடு வடிவக் கட்டடத்தைக் காப்பாற்றினார்களே?" காப்பாற்றினார்கள், 2023-ல் திறந்தார்கள், நல்லது. கம்யூனிச சர்வாதிகாரி ஹோஜாவுக்கு அருங்காட்சியகமாக 1988-ல் கட்டியது நிற்கிறது, ஜனங்கள் நாடகம் பார்த்த இடம் இல்லை. இது உங்களுக்கு உறுத்தவே இல்லையா?

"நீ என்ன அந்த ஊரா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். பத்து வருஷப் பழக்கம் அவரோடு. இல்லை, நான் அந்த ஊர் இல்லை. படம் போட்டவரும் அந்த ஊர் இல்லை.

இடித்த அன்று வந்த காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், அந்தப் பெரியவர் கூட்டத்தில் இருக்கிறாரா என்று. ஒரே புழுதி. முகம் எதுவும் தெரியவில்லை.