பொங்கலும் சூப்பர் பவுலும்

முட்டை வடிவப் பந்தில் ஆடும் அமெரிக்க ஃபுட்பாலின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலுக்காக நம் தமிழ்ச் சங்கம் பொங்கல் விழாவை ஒரு வாரம் தள்ளி வைத்ததற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா? அதைத் திட்டி வந்த பதிவு யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. எல்லாரும் படித்துவிட்டீர்கள், பாதிப் பேர் சிரிப்பு எமோஜியும் போட்டாயிற்று. ‘முட்டைப் பந்துக்குப் பொங்கலை அடகு வைத்த அடிமைகள்.’ வசனம் நன்றாகத்தான் இருக்கிறது.

தை முதல் நாளிலா நாம் இங்கே பொங்கல் வைக்கிறோம்? பள்ளிக்கூட அரங்கம் வாடகைக்குக் கிடைக்கும் ஞாயிறு எதுவோ, அதுதான் நமக்குப் பொங்கல். இந்த வருஷம் அது பிப்ரவரி இரண்டாவது ஞாயிறில் வந்து விழுந்தது. அன்றைக்குத்தான் சூப்பர் பவுல். தள்ளினால் மாசி பிறந்துவிடுமே என்று கேட்டிருந்தால் நியாயமான கேள்வி. அதை மட்டும் அவர் கேட்கவே இல்லை.

நான் சொல்வது ஒன்றுதான். இந்த நாட்டில் விளையாட்டு என்பது வேலைவெட்டி இல்லாதவன் பார்க்கும் வேடிக்கை இல்லை. முன்பின் தெரியாத ஜனம் ஒன்றாக உட்கார இங்கே மிச்சம் இருக்கும் ஒரே சாக்கு அது. 2025 சூப்பர் பவுலைப் பார்த்தவர்கள் சராசரியாக 12 கோடியே 77 லட்சம் பேர். 2023இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அதிகம் பேர் பார்த்த 100 ஒளிபரப்புகளில் 93, இந்த ஃபுட்பாலை நடத்தும் என்எஃப்எல் லீகின் ஆட்டங்கள். ட்ரம்புக்கு ஓட்டுப் போட்டவரும் போடாதவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து ஒரே கிண்ணத்தில் சிப்ஸ் எடுக்கும் சாயங்காலம் வேறு எப்போது வருகிறது, சொல்லுங்கள்.

நான் வந்த புதிதில் திங்கட்கிழமை மதியம் என்றாலே வயிற்றைக் கலக்கும். ஆபீஸ் சாப்பாட்டு மேஜை முழுக்க டாலஸ் ஃபுட்பால் டீம் கௌபாய்ஸ் பேச்சு. நான் தயிர்சாத டப்பாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் டீமில் மூத்தவர் ஒருவர் கெட்ச்அப் பாக்கெட்டுகளை ஒரு பக்கம், கடுகு பாக்கெட்டுகளை எதிர்ப்பக்கம் அடுக்கி, உப்புப் பொட்டலத்தைப் பந்தாக்கி, நாலு வாய்ப்புக்குள் (வாய்ப்புக்குப் பெயர் ‘டவுன்’) பத்து கஜம் தாண்ட வேண்டும், முடியாது என்று தோன்றினால் பந்தை எதிரணிப் பக்கம் உதைத்துவிடுவது ‘பன்ட்’ என்ற கணக்கைச் சொல்லிக் கொடுத்தார். அடுத்த திங்கள், “நாலாவது டவுன்ல ஏன் பன்ட் பண்ணாம ரிஸ்க் எடுத்தாங்க?” என்று கேட்டேன். மேஜையே என் பக்கம் திரும்பியது. அரை மணி நேரம் சண்டை போட்டார்கள், என்னோடும் சேர்த்து. இதைத்தான் அடிமைத்தனம் என்கிறார் நண்பர்.

“என்ன இருந்தாலும் வெறும் ஆட்டம்தானே” என்பீர்கள். கறுப்பர்களை ஒதுக்கிவைத்திருந்த பெரிய லீக் பேஸ்பாலில் கறுப்பரான ஜாக்கி ராபின்சன் டாட்ஜர்ஸ் டீம் சட்டை போட்டு இறங்கியது 1947. ராணுவத்தில் நிறப் பிரிவினையை ஒழிக்க ஜனாதிபதி ட்ரூமன் உத்தரவிட்டது 1948. பள்ளிக்கூடத்தில் அந்தப் பிரிவினை செல்லாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1954. வெறும் ஆட்டம்தான் முதலில் போனது. 2016இல் என்எஃப்எல் வீரர் காலின் கேப்பர்னிக் நிறவெறியை எதிர்த்துத் தேசிய கீதத்தின்போது முட்டி போட்டதற்கு நாடே இரண்டாகி அடித்துக்கொண்டதும் அந்த மைதானத்தை வைத்துத்தான்.

“படிப்பு கெடும்” என்பது அடுத்த புகார். காலை ஒன்பது மணி மீட்டிங்கில் மைக்கை மியூட் பண்ணிவிட்டு ஐபிஎல் பார்ப்பவர்கள் இதைச் சொல்லும்போது எனக்குப் பதில் வருவதில்லை, சிரிப்புதான் வருகிறது.

மூளைக் காயம் பற்றிக் கேட்டால் தலைகுனிகிறேன். 2002இல் இறந்த என்எஃப்எல் வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையில், திரும்பத் திரும்பத் தலையில் அடிபட்டு வந்த சிதைவை டாக்டர் பென்னெட் ஒமாலு கண்டதைப் படித்தவன் நான். சரி, அடுத்தது.

பணம். இதில் எனக்கும் கோபம் உண்டு. இங்கே டெக்சாஸில் பக்கத்து ஊரான ஆலனில் 6 கோடி டாலர் செலவில் 18,000 பேர் உட்கார ஒரு பள்ளிக்கூட ஸ்டேடியம் 2012இல் திறந்தார்கள். 2014இல் கான்கிரீட் விரிசல் விட்டு இழுத்து மூடினார்கள். பிறகு சரிசெய்து திறந்தார்கள் என்பது வேறு. அதைக் கட்ட வாங்கிய கடனுக்கு ஓட்டுப் போட்டது ஊர் ஜனம். ஆசை இருந்தது, போட்டார்கள். அந்த ஆசையை டீம் முதலாளிகள் கறப்பதுதான் அயோக்கியத்தனம். கலிபோர்னியாவில் ஓக்லாந்தைப் பாருங்கள். பாஸ்கெட்பால் டீம் வாரியர்ஸ் 2019இல் போனது, ஃபுட்பால் டீம் ரெய்டர்ஸ் 2020இல் லாஸ் வேகஸுக்குப் போனது, 2024 சீசனோடு பேஸ்பால் டீம் ஏ’ஸும் மூட்டை கட்டியது. கடைசி ஆட்டத்துக்கு அந்தப் பழைய கோலிசியத்தில் 46,889 பேர். போகிற டீமை வழியனுப்ப! விஸ்கான்சினில் கிரீன் பே என்ற சின்ன ஊரில் பேக்கர்ஸ் ஃபுட்பால் டீமுக்குத் தனி முதலாளியே கிடையாது, 5 லட்சத்துக்கும் மேல் பங்குதாரர்கள். லாபத்தில் ஒரு காசு வராது, லாபத்துக்கு விற்கவும் முடியாது. தெரிந்தே வாங்குகிறார்கள். இவர்களை முட்டாள் என்று எழுதுவது சுலபம்.

இப்போது அந்தப் பதிவின் எட்டாவது வரிக்கு வருகிறேன். ‘படிக்கிற பெண்ணைப் பந்தாட்டத்துக்கு மேளம் அடிக்க அனுப்பும் பெற்றோர்.’ பெயர் போடவில்லையாம், பெருந்தன்மை. நம் சங்கத்தில் ஸ்கூல் பேண்டில் ட்ரம் வாசிக்கும் பெண் யார் என்று தெரியாதவர் உண்டா? ஆகஸ்ட் வெயிலில் கார் நிறுத்துமிடத்துத் தாரில் நின்று பழகுகிறாள். ட்ரம்மை மாட்டும் பட்டை அழுத்தி இரண்டு தோளிலும் கன்றிப்போயிருக்கிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி பள்ளி ஃபுட்பால் ஆட்டத்தில் அவள் வாசித்தால் மொத்த ஸ்டாண்டும் எழுந்து நிற்கிறது. அதில் அவளைக் கண்ணால் பார்த்தறியாதவர்களும் இருக்கிறார்கள். போன வருஷம் சங்க மேடையில் பறை முழங்கியபோது முதல் வரிசையில் விசில் அடித்தவர் பதிவு போட்ட இதே நண்பர்தான், வீடியோ என்னிடம் இருக்கிறது. மேடையில் ஏறினால் பண்பாடு, என் மகள் தோளில் மாட்டினால் மேளமா?

நேற்று அவள் அந்தப் பதிவை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “அப்பா, இது என்னையா?” என்று கேட்டாள். தமிழ் படிக்கக் கற்றுக்கொடுத்ததும் இதே சங்கத்துப் பள்ளிதான்.

விழாத் தேதியைப் பற்றி இன்னும் பத்துப் பதிவு போடுங்கள், என்னை அடிமை என்றே எழுதுங்கள், பெயரும் போட்டு. அந்த எட்டாவது வரியை மட்டும் இன்றைக்கே எடுங்கள்.