கடைமடை ஸ்பானிஷ்

(தலைஞாயிறு பக்கம் ஒரு வாய்க்கால் கரை. மேட்டூரில் ஜூன் 12 அன்று திறந்த தண்ணீருக்காகப் பெரியப்பா மதகடியில் காத்திருக்கிறார். விடுமுறைக்கு வந்த தம்பி மகள் செல்வி கைபேசியைப் பார்த்து முணுமுணுக்கிறாள்.)

பெரியப்பா: என்னம்மா, மந்திரமா? தண்ணீர் வரும் என்றால் சத்தமாகவே சொல்.

செல்வி: ஸ்பானிஷ், பெரியப்பா. 'அப்லார்' என்றால் பேசுவது. எழுத்தில் முன்னால் ஒரு ஹெச் உண்டு, வாயில் வராது.

பெரியப்பா: நம் சங்கத்துத் துணைத்தலைவர் மாதிரி. பலகையில் பேர் இருக்கும், ஆளைக் காணோம்.

செல்வி: கடைசியில் இருக்கும் 'ஆர்' போய்விடும். மிச்சம் அப்படியே நிற்கும், வால்தான் ஆளுக்கு ஆள் மாறும். அப்லோ, பேசுகிறேன். அப்லாஸ், பேசுகிறாய். அப்லாமோஸ், பேசுகிறோம்.

பெரியப்பா: தலைமடை அப்படியே, கடைமடையில்தான் கோளாறு. 'பேசுகிறேன்' என்றாலே நான்தான் என்று தெரிந்துவிடுமே நமக்கு?

செல்வி: அங்கேயும் அதேதான். 'நான்' தனியாக வேண்டாம்.

பெரியப்பா: பரவாயில்லை, நம்ம பய மாதிரிதான். அவன் பேசுகிறான்?

செல்வி: அப்லா.

பெரியப்பா: அவள்?

செல்வி: அதுவும் அப்லா.

பெரியப்பா: எதிரே இருப்பவரிடம் மரியாதையாக, 'நீங்கள் பேசுகிறீர்கள்'?

செல்வி: அது... அதுவும் அப்லாதான். முன்னால் 'உஸ்தெத்' போட்டுக்கொள்ளலாம்.

பெரியப்பா: சம்பந்தியை எதிரே உட்கார வைத்துக்கொண்டு 'அவன்' கணக்கில் பேசுவதா? பந்தியிலேயே இலையை மூடிவிட்டுப் போய்விடுவாரே!

செல்வி: அப்புறம் 'அப்லான்'.

பெரியப்பா: இது எனக்கே தெரியும். வந்தான், போனான், அப்லான். ஒற்றை ஆம்பளை.

செல்வி: இல்லை பெரியப்பா. அவர்கள் எல்லாரும் பேசுகிறார்கள்.

பெரியப்பா: (துண்டை உதறி) தனியாள் போல வந்து ஊரையே கூட்டி வருகிறானே!

செல்வி: ஒன்று விட்டுப்போயிற்று. சிநேகிதர்கள் நாலு பேரைப் பார்த்து 'நீங்கள் பேசுகிறீர்கள்' என்றால் அப்லாயிஸ். ஆனால் அது ஸ்பெயினோடு சரி. கடல் தாண்டி மெக்சிகோ, பெரு பக்கம் வராது. அங்கே அதற்கும் அப்லான்தான்.

பெரியப்பா: அங்கேயும் கடைமடைக்கு வந்து சேரவில்லையா!

(வாய்க்காலில் ஒரு கொக்கு மட்டும் நிற்கிறது.)

செல்வி: அடுத்தது 'கோமெர்', சாப்பிடுவது. இதில் 'ஆ' இருந்த இடத்தில் 'எ'. கோமோ, கோமெஸ், கோமெ, கோமெமோஸ்...

பெரியப்பா: மணி இரண்டு. உன் பெரியம்மா இந்நேரம் கோமெ! ஓடி வா, சட்டியில் மீன் இருந்தால்தான் நாம் கோமெமோஸ்.