உங்க டேங்க் எத்தனை லிட்டர் சார்?

அந்த பங்க் வீடியோவை இன்னும் எத்தனை பேருதான் ஷேர் பண்ணப் போறீங்க? ஃபேஸ்புக் தொறந்தா அது, வாட்ஸப் தொறந்தா அது, சோக மியூசிக் போட்டு ஒரு வெர்ஷன், சிவப்பு வட்டம் போட்டு ஒரு வெர்ஷன், கீழ "பகல் கொள்ளை, அனைவருக்கும் பகிரவும்"னு கேப்ஷன். பாக்காதவங்க யாரும் இருக்க மாட்டீங்க, அதனால முழுக்கதையும் நான் சொல்லல. என் ஸ்விஃப்ட் காரோட 37 லிட்டர் டேங்க்ல 39 லிட்டருக்கு மேல எப்படிம்மா போனுச்சுன்னு, பங்க்ல பெட்ரோல் போடுற பொண்ணு மூஞ்சிக்கு நேரா போனைப் பிடிச்சிட்டு கார்க்காரர் ஒருத்தர் கத்துறாரு. அது பேந்தப் பேந்த முழிக்குது. உடனே நாமெல்லாம் அதைத் திருடின்னு தீர்ப்பு எழுதிட்டோம்.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான். உங்க வண்டி டேங்க் எத்தனை லிட்டர்? கூகுள் பண்ணாம சொல்லுங்க.

எங்க ஃபேமிலி குரூப்ல இதை முதல்ல போட்டது எங்க மாமா. கார் வாங்கி பல வருசம் ஆச்சு, ஞாயித்துக்கிழமை ஆனா ஷாம்பூ போட்டுக் கழுவி, தொடைச்சு, கவர் போட்டு மூடுற ஆளு, டயருக்கு எத்தனை காத்துன்னு தூக்கத்துல கேட்டாக்கூட சொல்வாரு. அவர்கிட்ட கேட்டேன், மாமா உங்க வண்டி டேங்க் எவ்வளவுன்னு. "ஃபுல் பண்ணா ஒரு நாலாயிரம் ஆகும் மாப்ள" அப்டின்னாரு. ரூபா இல்ல மாமா, லிட்டர் கேக்குறேன்னு சொன்னா, "முன்னாடியெல்லாம் மூவாயிரத்துக்குள்ள முடிஞ்சிரும், இப்பதான்..."னு விலைவாசி பக்கம் போயிட்டாரு. டேங்க் அப்படியேதான் மாமா இருக்கு, பெட்ரோல் விலைதான் ஏறியிருக்கு. கடைசி வரைக்கும் லிட்டர் வரல, அதுக்குப் பதிலா ஒரு கும்பிடு எமோஜி வந்துச்சு.

மாமாவை மட்டும் சொல்லி என்ன பண்றது, நம்ம ஊர்ல யாருமே லிட்டர்ல பெட்ரோல் போடுறதில்ல. ஐநூறுக்குப் போடு, ஆயிரத்துக்குப் போடு, ஊருக்குப் போறப்ப டேங்கை ஃபுல் பண்ணு, இதைத் தவிர பங்க்ல நமக்கு வேற பாஷையே கிடையாது. இதுல சில பேரு ரொம்ப விவரம், ஐநூறுன்னா மெஷின்ல அளவைக் குறைச்சு செட் பண்ணி வெச்சிருப்பான், அதனால 510க்குப் போடுன்னு கேப்பாங்க. அந்த 510க்கு எத்தனை லிட்டர் வரணும்னு அவங்களை ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன், மேல பாப்பாங்க. பத்து ரூபாய்க்கு உஷாரா இருக்கோம், லிட்டர் கணக்கு மட்டும் வராது. ஆனா ஒரு பொண்ணை நிக்க வெச்சு கேள்வி கேக்குற அன்னைக்கு மட்டும் லிட்டர் கணக்குல எல்லாரும் புலி ஆயிடுறோம்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். கார் புத்தகத்துல போட்டிருக்கிற 37ங்கிறது டேங்க்ல விளிம்பு வரைக்கும் பிடிக்கிற அளவு கிடையாது. பெட்ரோல் சூட்டுக்கு விரியும், ஆவியாகும், அதுக்கு உள்ள காலி எடம் வேணும்னு விட்டு வெச்சிருப்பாங்க. அது போக, மூடியில இருந்து டேங்க் வரைக்கும் வர்ற கழுத்துக் குழாய் இருக்கு பாருங்க, அதுலயும் நிக்கும். விடாம ஊத்திட்டே இருந்தா புத்தகத்துல இருக்கிறதை விட சில லிட்டர் கூடவே போகும், இதுல மாயமும் இல்ல மந்திரமும் இல்ல.

பெட்ரோல் ஊத்துற நாசில் தானா டக்குனு நிக்குதுல்ல, அது என்னன்னு நெனச்சீங்க? நாசில் நுனியில சின்னதா ஒரு ஓட்டை இருக்கும். பெட்ரோல் மேல ஏறி வந்து அந்த ஓட்டையை மூடினதும் காத்து உள்ள போக வழியில்லாம உள்ள இருக்கிற வால்வு விழுந்துரும். அதுதான் டேங்க் ஃபுல்லுன்னு அர்த்தம், அங்கேயே நிறுத்திடணும். ஆனா நாம என்ன பண்ணுவோம், "ரவுண்டா போட்டுரும்மா"ம்போம். தயவு செஞ்சு அந்த வீடியோவை மியூசிக் போடாத வெர்ஷன்ல ஆரம்பத்துல இருந்து பாருங்க. "சார் கட் ஆயிருச்சு"ன்னு அந்தப் பொண்ணு சொல்றது கேக்குது, "நாலாயிரமா முடிச்சிரு"ன்னு இவரு சொல்றதும் கேக்குது. கட் ஆனதுக்கு அப்புறம் கையால அமுக்கி அமுக்கி நாலாயிரம் வரைக்கும் ஊத்த வெச்சது யாரு? இவரேதான். அப்புறம் 39 எப்படி வந்துச்சுன்னு கேக்குறதும் இவரேதான். இதுல வண்டிக்கு வேற கேடு, ஆவியைப் பிடிச்சு வெக்கிற கரி டப்பா ஒண்ணு இருக்கு, அளவுக்கு மீறி ஊத்தினா அதுக்குள்ள பெட்ரோலே போயி அது வீணாப் போகும். அதெல்லாம் அவர் பிரச்சனை, விடுங்க.

கமெண்ட்ல ஒரு குரூப் "ஸ்விஃப்ட் டேங்க் 42 லிட்டர்டா"ன்னு சண்டை, இன்னொரு குரூப் "37தான்டா வெண்ணெ"ன்னு சண்டை. ரெண்டு பேரும் கரெக்டு சாமிகளா. பழைய மாடல் 42, 2018ல வந்ததுல இருந்து 37. வேகன்ஆர் கூட 35 இருந்து 2019 மாடல்ல 32 ஆயிருச்சு. பேரு அதேதான், டேங்க் மாறிடுச்சு. சொந்த வண்டி எந்த வருசத்து மாடல்னு பாத்து கூகுள் பண்ணக்கூட பொறுமை இல்லாதவங்கதான் அடுத்தவங்களைத் திருடின்னு சொல்றீங்க. ம்.

உடனே வருவாங்க, "அப்போ பங்க்ல ஏமாத்துறதே இல்லங்கிறியா?" நான் எங்கய்யா அப்படிச் சொன்னேன். ஏமாத்துறாங்க. ஜீரோ பாக்கச் சொல்லாம முன்னாடி ஆளோட ரீடிங்ல இருந்து ஓட்டுறது, பேச்சுக் குடுத்துட்டே நடுவுல நிறுத்துறது எல்லாம் நடக்குது. 2017ல லக்னோல பங்க் மெஷினுக்குள்ள சிப் வெச்சு அளவைக் குறைச்சதைப் போலீஸே கண்டுபிடிச்சாங்க. யாரும் உத்தமர்னு நான் சர்டிஃபிகேட் குடுக்க வரல. ஆனா அதைக் கண்டுபிடிக்க உங்க கார் புத்தகம் உதவாது, அதுக்குன்னு தனியா ஒரு சாமான் இருக்கு. ஒவ்வொரு பங்க்லயும் அஞ்சு லிட்டர் அளவு கேன் இருக்கணும், ஒல்லிக் கழுத்துல கோடு போட்டு, முத்திரை குத்தி வெச்சிருப்பாங்க. நமக்கு சந்தேகம்னா அதுல பிடிச்சுக் காட்டச் சொல்லலாம், காட்டியே ஆகணும். அஞ்சு லிட்டருக்கு 25 மில்லி வரைக்கும் முன்னப்பின்ன இருக்கலாம், அதுக்கு மேல குறைஞ்சா முத்திரை ஆய்வாளர்கிட்ட புகார் குடுங்க, தொழிலாளர் துறையில இருப்பாங்க, நானும் கூட வர்றேன். அந்த வீடியோல ஆபீஸ் ரூம் கதவுக்குப் பக்கத்துல அந்த கேன் இருக்கு. அத்தனை நேரம் கத்தின மனுசன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அதைக் கொண்டான்னு கேக்கல. அவருக்கு வேணும்கிறது அளவா, வீடியோவா?

இன்னொரு தம்பி இன்பாக்ஸ்ல வந்து கொஞ்சம் நியாயமாத்தான் கேட்டாப்ல. பெட்ரோல் கம்மின்னு லைட் எரியும்போதே உள்ள நாலஞ்சு லிட்டர் இருக்கும்ல அண்ணா, அதுக்கு மேல 39ன்னா கணக்கு இடிக்குதேன்னு. இடிக்கும்தான். லைட் எரிஞ்சதுக்கு அப்புறம் அவர் எவ்வளவு தூரம் ஓட்டினாருன்னு யாருக்குத் தெரியும்? அந்த முள்ளே உள்ள மிதக்குற ஒரு மிதவையைப் பாத்து குத்துமதிப்பா சொல்றதுதான், ஃபுல் பண்ணின அன்னைக்கு எவ்வளவு ஓட்டினாலும் இறங்காது, பாதிக்கு வந்துச்சுன்னா கடகடன்னு இறங்கும், கார் வெச்சிருக்கிற எல்லாருக்கும் இது தெரியும். சரி தம்பி, உன் கேள்விக்கு வீடியோவைப் பாத்து பதில் சொல்ல முடியாது, ஒத்துக்கிறேன். அதான் கேன்ல பிடிச்சுப் பாருன்னு கரடியா கத்துறேன்.

உனக்கு என்னடா இவ்வளவு அக்கறை, பங்க்காரன்கிட்ட எவ்வளவு வாங்கினன்னு ஒருத்தர் கமெண்ட் போட்டிருக்காரு. அவரு கூட நான் ஒரே பெஞ்ச்ல உக்காந்து படிச்சவன். நல்லாரு நண்பா.

எங்க பெரியம்மா பொண்ணு, எங்க அக்கா, பைபாஸ்ல ஒரு பங்க்ல வேலை பாத்துச்சு. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா பாத்திரம் தேய்க்கிற சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவும், அப்படியும் சோத்துல பெட்ரோல் வாசம் அடிக்குதுன்னு ஸ்பூன்ல சாப்பிடும். அங்க கணக்கு எப்படின்னு உங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போது நாசில் ரீடிங் எழுதணும், முடியும்போது எழுதணும். காலையில கேன்ல பிடிச்சு டெஸ்ட் பண்ணித் திருப்பி ஊத்தினதைக் கழிச்சுட்டு, மிச்ச லிட்டரை அன்னைய விலையால பெருக்கி, அந்தப் பணம் பைசா குறையாம தோள்ல தொங்குற பையில இருக்கணும். குறைஞ்சா? சம்பளத்துல பிடிப்பாங்க.

ஒரு நாள் ஒருத்தர் கார்ல வந்து, போன் பேசிட்டே ஆயிரத்தி ஐநூறுன்னு சொல்லியிருக்காரு. அக்கா போட்டிருச்சு. போட்டு முடிச்சதும் "நான் ஐநூறுன்னுதானே சொன்னேன்"னு அஞ்சு நூறு ரூபா நோட்டை நீட்டியிருக்காரு. ஊத்தின பெட்ரோலைத் திருப்பி எடுக்கவா முடியும்? பின்னாடி நிக்கிறவன் ஹார்ன் அடிக்கிறான், மேனேஜர் வந்து "கஸ்டமர்கிட்ட என்னம்மா சத்தம்"னுட்டு அவரை அனுப்பி விட்டுட்டாரு. ஆயிரம் ரூபா அக்கா தலையில. அந்த மாசம் பையனுக்கு ஸ்கூல் வேன் காசு கட்டல, காலையில நடந்தே கூட்டிட்டுப் போச்சு. அந்தக் கார்க்காரருக்கு இது ஞாபகம்கூட இருக்காது. அன்னைக்கு யாரும் வீடியோ எடுக்கல, எடுத்திருந்தாலும் அக்காதான் அதுல திருடியா இருந்திருக்கும், நீங்க ஷேரும் பண்ணியிருப்பீங்க.

"சொந்தக் கதையெல்லாம் எதுக்கு, மேட்டருக்கு வா"ம்பீங்க. எனக்கு இதான் மேட்டர். கார் கம்பெனிக்காரன்கிட்ட போயி ஏன்யா புத்தகத்துல ஒரு நம்பர், டேங்க்ல ஒரு அளவுன்னு யாராவது கேட்டீங்களா? பங்க் முதலாளி ரூம் கதவைத் தட்டினீங்களா? ரோட்டுல வெயில்ல நிக்கிற, திருப்பிப் பேசினா வேலை போயிரும்னு பயப்படுற ஒரு பொண்ணுதான் அத்தனை பேருக்கும் கெடைச்சுது. "தப்பு இல்லன்னா ஏன் வாயைத் தொறந்து பேசல"ன்னு ஒரு அறிவாளி கமெண்ட், அதுக்கு நூத்துக்கணக்குல லைக். பேசினா "திமிரப் பாரு"ன்னு அதுக்கும் ஒரு வீடியோ வந்திருக்கும். அந்தப் பொண்ணு மூஞ்சியை மறைக்கக்கூட இல்ல யாரும், ஆனா காரோட நம்பர் பிளேட்டை மட்டும் கவனமா மங்கலாக்கி போட்டிருக்காங்க.

இப்பவும் சொல்றேன், அந்த பங்க் யோக்கியமா இல்லையான்னு எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. 37ங்கிற ஒத்தை நம்பரை வெச்சு அதைச் சொல்லவே முடியாதுங்கிறது மட்டும்தான் நான் சொல்றது.

சரி, அந்த வீடியோவை ஷேர் பண்ணின என் ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட் ஆளுங்க எல்லாரும் கமெண்ட்ல வந்து அவங்கவங்க வண்டி, எந்த வருசத்து மாடல், டேங்க் எத்தனை லிட்டர்னு போடுங்க. பைக் வெச்சிருக்கிறவங்களும் வரலாம். ரூபாய்ல சொல்றவங்க கமெண்டை டெலிட் பண்ணிருவேன். மாமா, உங்களையும் சேத்துத்தான்.