எந்த எலி? எங்கே உறைந்த ரத்தம்?

போன வாரம் பெரியப்பா ஒரு ஃபார்வர்டு அனுப்பினார். "ரத்தக்குழாய் வீக்கத்தைச் சுருக்கும் மாத்திரை: எலிகளில் வெற்றி!" அவருக்கு வயிற்றுப் பெருந்தமனியில் 4.1 செ.மீ. வீக்கம் இருக்கிறது. ஆசைப்படாமல் எப்படி இருப்பார்? ஆனால் இந்தச் செய்திகளில் ஒன்றுகூட, வீக்கத்துக்குள் ரத்தம் எங்கே, எப்படி உறைந்தது என்று சொல்வதில்லை. எனக்கு அதுதான் எரிச்சல்.

கறிக்கடையில் ஆட்டு ரத்தம் வாங்கியவர்களுக்குத் தெரியும். பாத்திரத்தில் பிடித்த கொஞ்ச நேரத்தில் அல்வா மாதிரி ஒரே கட்டியாக நிற்கும். பெரியப்பா வயிற்றில் இருப்பது அந்த மாதிரிக் கட்டி இல்லை. அடுக்கடுக்காகப் படிவது. ரத்தம் ஓடும் பக்கம் சிவப்பாக, புதிதாக, நடுவில் வெளுப்பாக, சுவரை ஒட்டி பழுப்பாக, பழசாக. சிவப்பு அடுக்கில் தட்டணுக்களும் வெள்ளணுக்களும் வந்து ஒட்டிக்கொண்டே இருக்கும். அந்த வெள்ளணுக்கள் கக்கும் நொதிகள் சுவரை அரிக்கும் என்பதுதான் பயம்.

இப்போது எலிக்கு வருவோம். 2000-லிருந்து ஆய்வகங்களில் அதிகம் புழங்குவது ஆஞ்சியோடென்சின் சுண்டெலி. ஆஞ்சியோடென்சின் என்பது ரத்த அழுத்தத்தை ஏற்றும் ஹார்மோன். தோலுக்கடியில் ஒரு குட்டி பம்பைப் புதைத்து 28 நாள் அதைச் செலுத்துவார்கள். வீக்கம் வரும், உறைந்த ரத்தமும் இருக்கும். ஆனால் அது பெரும்பாலும் குழாய்க்குள் உறைந்தது அல்ல; சுவர் கிழிந்து, சுவருக்குள்ளேயே கசிந்து உறைந்தது. வீக்கமும் சிறுநீரகத் தமனிகளுக்கு மேலே வருகிறது, மனிதர்களுக்குப் பெரும்பாலும் கீழே. பெயர் ஒன்றுதான், நோய் வேறோ என்று தோன்றும்.

பாரிஸில் இன்னும் கெட்டிக்காரத்தனமாக ஒன்று செய்தார்கள். கினிப்பன்றியின் தமனித் துண்டிலிருந்து செல்களையெல்லாம் கழுவிவிட்டு, அதை எலிக்குள் தைத்தார்கள். இதில் உறைவு மனிதருக்கு வருவதுபோல குழாய்க்குள்ளேயே படிந்தது. தட்டணுக்களைத் தடுக்கும் டிக்காகிரலோரைக் கொடுத்ததும் வீக்கம் வளர்வது குறைந்தது. 2009-ல் வந்த ஆய்வு அது. நானும் படித்துவிட்டுத் துள்ளிக் குதித்தவன்தான். பிறகு ஸ்வீடனில் 144 பேரில் பாதிப் பேருக்கு அதே மருந்தையும் மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையையும் ஓராண்டு கொடுத்துப் பார்த்து 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். பலன் இல்லை. எலிக்கு வீக்கம் உருவாகும்போதே மருந்து கிடைத்தது. இவர்களுக்கோ பல வருஷமாக ஊறிய வீக்கம். தோற்றதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

மூளை ரத்தக்குழாய் வீக்கங்களின் கதை வேறு. அங்கே ரத்தம் உறைய வேண்டும் என்பதே சிகிச்சை. வீக்கத்துக்குள் நுழைத்து ரத்தத்தை உறைய வைக்க இத்தாலிய மருத்துவர் குக்லியெல்மி உருவாக்கிய பிளாட்டினம் சுருள் முதலில் பன்றிகளில்தான் சோதிக்கப்பட்டது. கழுத்துத் தமனியில் சிரைத் துண்டைப் பைபோலத் தைத்து அதற்குள் சுருளை விட்டார்கள். சுருள் நல்ல கண்டுபிடிப்பு, சந்தேகமில்லை. ஆனால் பன்றிக்கு அந்தப் பை ஒன்றுமே செய்யாவிட்டாலும் தானே உறைந்து ஆறிவிடக் கூடியது! பன்றியில் மட்டும் சோதித்தால் எந்தச் சுருளும் நல்ல சுருள்தான். நாய்க்கு நேரெதிர், உறைந்ததைக் கரைத்துவிடும் உடம்பு. அதனால்தான் பலர் முயலுக்கு மாறினார்கள். எலாஸ்டேஸ் நொதியால் அதன் தமனிச் சுவரைத் தளர்த்தி உண்டாக்கும் வீக்கம் நெடுநாள் திறந்தே கிடக்கும்.

எனக்கு மிகப் பிடித்தது ஹெல்சிங்கி ஆய்வு, 2014. எலியின் வயிற்றுத் தமனியில் இரண்டு வகைப் பைகள்: செல்கள் உள்ள சுவர் ஒன்று, சோப்புக் கரைசலால் செல்கள் நீக்கப்பட்ட சுவர் இன்னொன்று. உறைவு இரண்டிலும் உண்டு. உயிருள்ள சுவரில் தசைச் செல்கள் உறைவுக்குள் ஏறி அதைத் தழும்பாக்கின. செத்த சுவரில் ஏற ஆளில்லை. உறைவு அழற்சியில் கிடந்தது, சில பைகள் வளர்ந்து வெடித்தன. ரத்தம் உறைந்ததா என்று மட்டும் கேட்டால் இரண்டுக்கும் ஒரே பதில்தான் வரும். சுவரில் உயிர் இருக்கிறதா என்று யார் கேட்கிறார்கள்?

இதையெல்லாம் பெரியப்பாவுக்கு ஃபோனில் அரை மணி நேரம் சொன்னேன். "அப்ப நான் எலி இல்லங்குற, அவ்வளவுதானே?" என்றார். புகைத்தால் வீக்கம் வேகமாக வளரும், இது மனிதர்களிலேயே பார்த்தது, எலி தேவையில்லை, அந்த பீடியை விடுங்கள் என்றேன். லைனில் சத்தமே இல்லை. பிறகு மழை பெய்கிறதா என்று கேட்டார்.